ஜெபித்த கல்

செங்கல் ஊழியத்தைப் பற்றி யாரும் தப்பாகப் பேசிவிட முடியாது. பேசினால் பேசியவர்தான் கெட்டவராவார். திக்கற்ற குழந்தைகளுக்கு வீடு கட்டுகிறவர்களைக் குறை சொல்ல எவனுக்கு வாய் வரும்? இந்த ஒரே காரணத்தால் அந்த அமைப்பு கேட்பார் கேள்வியில்லாமல் கொழுத்து வளர்ந்தது. எனக்கும் வாய் வராமல்தான் இருந்தது. நானும் அந்தச் சபைதான், கடைசி வரிசை. என் கல்லும் அந்த வீட்டில் ஒரு இடத்தில் இருக்கிறது. எந்த இடத்தில் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஊழியத்தின் இயக்குநரை எல்லோரும் ‘பிரதர்’ என்றுதான் கூப்பிடுவோம். சபையில் ஆண்கள் எல்லோருமே பிரதர்தான் என்றாலும், அழுத்திச் சொன்னால் அவர் ஒருவரைத்தான் குறிக்கும். கன்னத்தோடு ஒட்டிய மைக்கை அவர் வீதியில் நடக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மேடையேறி, கையில் ஒரு செங்கல்லைத் தூக்கிக் காட்டினார்.

“இது என்னன்னு நினைக்கிறீங்க? கல்லுன்னு நினைக்கிறீங்க. இல்ல. இது உங்க குற்ற உணர்வு! வீட்ல வெச்சிருந்தா பாரம். எங்ககிட்ட குடுத்தீங்கன்னா சுவர்!”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பிறகு விதிகளை வாசித்தார். ஆளுக்கு ஒரு கல். கல்லைத் தொடும் முன் மனம் கசிந்திருக்க வேண்டும். கசிந்த மனத்தோடு ஜெபித்து வைத்த எதையும், எக்காரணம் கொண்டும், யாரும் பெயர்க்கவோ மாற்றவோ கூடாது. இந்தக் கடைசி விதியை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வில்லங்கமும் அதிலிருந்துதான் கிளம்பியது.

எங்கள் சபையில் செருப்புக் கடைக்காரர் ஒருவர் உண்டு. பேருந்து நிலையத்துக்கு எதிரே கடை. நாள் முழுக்க ஊரார் காலடியில் குத்தவைத்து அளவு பார்த்துப் பார்த்து முதுகு லேசாக வளைந்துவிட்டது. நிமிர்ந்து நின்று பேசுகிற எவரையும் பெரிய மனிதர் என்று நம்பிவிடுகிற ஆள். அடுத்த சனிக்கிழமை காலையிலேயே பழைய வேட்டி ஒன்றைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, வேலை செய்யத் தயாராக வந்து நின்றார். அங்கேயே முதல் தப்பு.

“நேரா கல்லுகிட்ட போகக் கூடாது பிரதர். கசிவுக் கூடாரத்துக்குப் போங்க” என்று மஞ்சள் பனியன் போட்ட ஒருவர் வழிமறித்தார்.

கூடாரத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், மின்விசிறி, டிஷ்யூ பெட்டி. எதிரே கசிவுச் சிஸ்டர். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எவர் மனம் கசிந்தது, எவர் மனம் கசியவில்லை என்று முடிவு செய்கிற அதிகாரம் அவருடையது.

“சொல்லுங்க பிரதர், உங்க மனசை உறுத்தறது என்ன?”

“ஒண்ணும் இல்லீங்க சிஸ்டர். மணல் கிணல் சுமக்கலாம்னு வந்தேன்.”

“அதெல்லாம் அப்புறம். முதல்ல உறுத்தணும். நேத்து வயிறு நிறைய சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேனே.”

“நீங்க சாப்பிட்ட அதே நேரத்துல ஒரு குழந்தை பசியோட இருந்திருக்கும். அதை நினைச்சுப் பாருங்க.”

செருப்புக் கடைக்காரர் பதறி எழுந்துவிட்டார். “ஐயையோ, எந்தக் குழந்தைங்க? நம்ம ஹாஸ்டல் பிள்ளையா? வார்டன் அம்மா சாப்பாடு போடலையா? நான் வேணா ஓடிப் போய் பன்னு வாங்கிட்டு வரட்டுமா?”

சிஸ்டருக்கு முகம் சுண்டிவிட்டது. “அப்படிக் குறிப்பா எல்லாம் கேக்கக் கூடாது பிரதர். பொதுவா ஒரு குழந்தை.”

பொதுவான குழந்தை எதையும் அவருக்குத் தெரியாது. அதனால் கசியவில்லை. அவருக்கு அடுத்து வந்த அம்மாள், “எங்க வீட்ல ஆளுக்கொரு பாத்ரூம் இருக்கு சிஸ்டர்...” என்று தொடங்கும்போதே குரல் உடைந்து, டிஷ்யூ பெட்டியைப் பாதி காலி செய்துவிட்டார். அவரைக் கைத்தாங்கலாகச் சுவரருகே கூட்டிப்போய், கொத்தனார் பூசிக் கொடுத்த கலவைமேல் ஒரு கல்லை வைக்கச் சொல்லி, ஜெபித்து, படம் எடுத்து அனுப்பிவைத்தார்கள். மனம் லேசாகி வீட்டுக்குப் போனார். பாத்ரூம்கள் அப்படியேதான் இருக்கின்றன என்று கேள்வி.

மனம் கசியாதவர்களுக்கு மணல் சுமக்கும் வேலை. செருப்புக் கடைக்காரருக்கு அது தண்டனை என்று புரியவில்லை. சந்தோஷமாகச் சுமந்தார்.

அந்தக் குழந்தைகள் அப்போது சபைக்குப் பின்னால் இருக்கும் பழைய சாமான் அறையில் இருந்தார்கள். உடைந்த பெஞ்சுகள், செத்துப்போன ஒலிபெருக்கிகள், அவற்றுக்கு நடுவே பாய்கள். சுவரில் பச்சையாக ஈரம் ஏறியிருக்கும். மழை வந்தால் தரையிலேயே தண்ணீர் ஊறும். சனிக்கிழமைதோறும் தேநீர் இடைவேளையில் வார்டன் அம்மா அவர்களை வரிசையாகக் கூட்டிவந்து, கல் வைத்தவர்களுக்கு நன்றிப் பாட்டு பாட வைப்பார். பாட்டில் ஒரு சிறுமி மட்டும் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்குவாள். அவள் நெஞ்சுக்குள் காற்று போய்வரும்போது மெல்லிய சீழ்க்கை கேட்கும். அதனால் மற்ற பிள்ளைகள் வைத்த பெயர் விசில். வைத்தியர் பார்த்துவிட்டு, ஈரமான இடத்தில் இந்தப் பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

செருப்புக் கடைக்காரர் பாட்டைக் கேட்கவில்லை. கால்களைப் பார்த்தார். தொழில் புத்தி. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஷூ தருவதாகச் சொல்லி, அங்கேயே மண்டியிட்டு அளவெடுக்க உட்கார்ந்துவிட்டார்.

“புது வீட்டுக்கு எப்ப போவோம் அங்கிள்?” என்று காலை நீட்டிக்கொண்டே கேட்டாள் விசில்.

“மழைக்கு முன்னாடி போயிடலாம்.”

“போன வருசமும் மழைக்கு முன்னாடின்னுதான் சொன்னாங்க.”

“அவங்க சொன்னது வேற. இப்ப நான் சொல்றேன்ல? மழைக்கு முன்னாடி நீ அந்த வீட்டுக்குள்ள இருப்ப.”

வாக்குக் கொடுக்க அவர் யார்? கசியாத வரிசையில் மணல் சுமக்கிறவர். ஆனாலும் வாய் சொல்லிவிட்டது, அவளும் நம்பிவிட்டாள்.

ஷூக்கள் வந்தன. “புது வீட்டுக்குப் போற அன்னைக்குத்தான் போடணும்” என்று வார்டன் அம்மா அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

வீடு வளர்ந்தது. கூரை காங்கிரீட் என்பதால் அதை ஒப்பந்தக்காரரே போட்டுவிட்டார். ஜன்னல் கம்பிகளும் உள்பூச்சும் அப்படியே முடிந்தன. கூலிக்குச் செய்தவர்கள் யாரும் கசியவில்லை, அதனால் எல்லாம் ஒழுங்காக அமைந்தது. சுவர் மட்டும்தான் நம்முடையது. சபைக்கு வெளியே இருந்தும் ஆட்கள் குவிந்தார்கள். கல்லூரி மாணவர்கள் வந்தார்கள், கம்பெனி ஊழியர்கள் வந்தார்கள், திருமண நாளைக் கொண்டாட வந்த தம்பதிகள்கூட உண்டு. சுவரில் இடம் தீர்ந்துகொண்டே வந்தது, குற்ற உணர்வு தீர்வதாக இல்லை. வந்தவரைத் திருப்பி அனுப்ப பிரதருக்கு மனம் வராது. ஒரு சனிக்கிழமை கல்லூரிக் கூட்டம் ஒன்று இடமில்லாமல் தவித்தபோது, பின்பக்கம் ஒரு இடைவெளி இருப்பதைக் கண்டுபிடித்து அங்கே வைக்கச் சொன்னார். அது பின்வாசல். அன்றைக்கு நானும் கசிந்திருந்தேன். என் கல் அங்கேதான் இருக்கிறது.

முன்வாசலுக்கு வருவோம். இன்னொரு சனிக்கிழமை தேநீர் இடைவேளையில் நன்றிப் பாட்டு நிற்காமல் ஓடியது. நடுவில் மூச்சு வாங்க ஆள் இல்லை. செருப்புக் கடைக்காரர் தலையில் மணல் சட்டியோடு நின்றுவிட்டார்.

“விசில் எங்கம்மா?”

“ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. ரூம்ல ஈரம் தாங்கல அவளுக்கு” என்றார் வார்டன் அம்மா.

சட்டியை இறக்கவும் தோன்றாமல் அப்படியே நின்று அழுதார். மணலும் கண்ணீருமாக வழிந்தது. தூரத்திலிருந்து இதைப் பார்த்த கசிவுச் சிஸ்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார்.

“கசிஞ்சிடுச்சு! பிரதர் கசிஞ்சிட்டாரு!”

“இல்ல சிஸ்டர், அந்தப் பொண்ணு...”

“பேசாதீங்க. பேசினா வத்திடும்.”

கைதட்டிக்கொண்டே சட்டியைப் பிடுங்கிவிட்டுக் கையில் கல்லைத் திணித்தார்கள். அழைத்துப்போன இடத்தில் காலையிலிருந்து ஒரு கம்பெனி ஊழியர்கள் வைத்த கற்கள் நெஞ்சு உயரத்துக்கு வந்திருந்தன. இரண்டு பக்கமும் சுவர், மேலே உத்தரம், நடுவில் மிச்சமிருந்த ஆகாசம்.

“பிரதர், இது வாசல் மாதிரி இருக்கே?”

பிரதர் அவர் தோளில் கைபோட்டார். “வாசலுக்குத் தனிக் குழு இருக்கு பிரதர். நாம சுவர்க் குழு. அவங்க ஊழியத்துல நாம தலையிடக் கூடாது, இல்லையா?”

நிமிர்ந்து நிற்கிறவர், மைக் வைத்திருப்பவர், யோசிக்காமலா சொல்வார்? செருப்புக் கடைக்காரர் கல்லை வைத்தார். கண்ணை மூடி, “ஆண்டவரே, விசில் சீக்கிரம் இந்த வீட்டுக்குள்ள வரணும்” என்று உருக்கமாக ஜெபித்தார். படம் எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் கம்பெனிக்காரர்கள் உத்தரம் வரை அடைத்து முடித்து, பேருந்து ஏறிப் போனார்கள்.

வாசல் குழு என்பது ஒரே ஒரு மரக்கடை முதலாளி. தேக்கில் நிலையும் கதவும் செய்து, புறா பறப்பது போல் செதுக்கி, வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த வாரம் வந்து சேர்ந்தார். வீட்டை இரண்டு முறை சுற்றினார். மூன்றாம் முறை சுற்றும்போது வேர்த்துவிட்டது.

“வாசல் எங்கய்யா?”

அவசரமாகக் கமிட்டி கூடியது. “கொஞ்சம் கல்லைப் பெயர்த்தா வாசல் வந்துடுமே” என்றார் மரக்கடைக்காரர். சபைக்குள் யாரோ கெட்ட வார்த்தை சொன்னது போல எல்லோரும் குனிந்துகொண்டார்கள்.

“ஐயா” என்றார் பிரதர், தழுதழுத்து. “ஒவ்வொரு கல்லுலயும் ஒருத்தரோட கண்ணீர் இருக்கு. கண்ணீரை இடிக்கச் சொல்றீங்களா? நாளைக்கு அந்தக் கம்பெனிக்காரங்க வந்து, என் கல்லு எங்கன்னு கேட்டா, குழந்தைங்க போகிறதுக்காக எடுத்துட்டோம்னு சொல்ல முடியுமா?”

முடியாது என்று தீர்மானம் நிறைவேறியது. கதவும் காணிக்கையாக வந்தது, அதையும் திருப்பி அனுப்ப முடியாது. ஆகவே நிலையோடு சேர்த்து அதைச் சுவரின்மேல் பொருத்திவிடுவது என்று முடிவானது.

செருப்புக் கடைக்காரருக்கு விஷயம் தெரிந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. கடையில் ஒருவருக்கு இரண்டு இடது கால் செருப்புகளைக் கட்டிக் கொடுத்தனுப்பிவிட்டார்.

“என்னங்க ஆச்சு உங்களுக்கு?” என்று மனைவி கேட்டார்.

“வாசலை நான்தான் அடைச்சேன்.”

“நீங்க ஒரே ஒரு கல்லுதானே வெச்சீங்க?”

“எல்லாரும் ஒரே ஒரு கல்லுதான் வெச்சோம்” என்றார் அவர்.

திறப்பு விழாவுக்குப் பேராயரே வந்தார். வானம் கறுத்துக் கிடந்தது. குழந்தைகள் வரிசையாக, அலமாரியிலிருந்து விடுதலையான ஷூக்களோடு நின்றார்கள். ஷூ அப்படியே இருந்தது, கால்தான் வளர்ந்துவிட்டது. எல்லோரும் குதிகாலை மடக்கி மிதித்துக்கொண்டு நின்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த விசில் உடம்பு இளைத்து, காலை மாற்றி மாற்றி ஊன்றினாள். செருப்புக் கடைக்காரர் அந்தக் கால்களைப் பார்க்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

பேராயர் ரிப்பனை வெட்டி, புறாக் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. யாரோ காதில் ஏதோ சொன்னார்கள். தன் பக்கம் இழுத்தார். திறந்தது. உள்ளே செங்கல் சுவர். நெஞ்சுக்கு நேராக, சற்றுக் கோணலாக, செருப்புக் கடைக்காரரின் கல்.

பேராயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அனுபவம் உள்ளவர். திரும்பி, கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

“அன்பானவர்களே, பொதுவாக ஒரு கதவைத் திறந்தால் என்ன தெரியும்? வெறும் இடம் தெரியும். இங்கே என்ன தெரிகிறது? உங்கள் அன்பு தெரிகிறது. உங்கள் அன்பு நுழையாத இடமே இந்த வீட்டில் இல்லை!”

எழுந்து நின்று கைதட்டினோம். நானும் தட்டினேன். கைதட்டல் ஓய்வதற்குள் மழை கொட்டத் தொடங்கியது.

பேராயர் காருக்கும் மற்றவர்கள் கூடாரத்துக்கும் ஓடினார்கள். “பிள்ளைங்களா, ரூமுக்குப் போங்க!” என்று வார்டன் அம்மா கத்தினார். சாமான் அறை வாசலில் ஏற்கெனவே தண்ணீர் தேங்கி, ஒரு பாய் மிதந்துகொண்டிருந்தது. விசில் போகவில்லை. நனைந்துகொண்டு செருப்புக் கடைக்காரரையே பார்த்தாள்.

அவர் நேரே கொத்தனாரிடம் போனார். “அந்த வாசலை இடிச்சுக் குடுப்பா.”

“ஜெபம் பண்ணின கல்லு சார், நான் தொட மாட்டேன். சுத்தியல் வேணும்னா எடுத்துக்கங்க. அதுக்கு யாரும் ஜெபம் பண்ணல.”

முதல் அடி தன் கல்லில்தான் விழுந்தது. குடையோடு பிரதர் ஓடிவந்தார். “பிரதர்! பிரதர்! உங்க கல்லை நீங்க உடைங்க, அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல உள்ள விஷயம். பக்கத்துக் கல்லு ஒரு அசிஸ்டென்ட் மேனேஜரோடது!” மைக் அணைக்கப்படாததால் இது ஊருக்கே கேட்டது.

அசிஸ்டென்ட் மேனேஜர் விழுந்தார். கணக்குப் பிரிவில் இருவர் விழுந்தார்கள். தொழில் தெரியாத கை, தாறுமாறான அடி. ஒரு குழந்தை நுழையுமளவுக்கு ஓட்டை விழுந்தபோது அவர் கையிலிருந்து ரத்தம் வந்தது, சுத்தியலைத் தூக்க முடியவில்லை. விசில் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு முதலில் புகுந்தாள். பின்னாலேயே மற்றவர்கள். உள்ளே காய்ந்த தரையில் அவர்கள் கால் பதித்து ஓடுகிற சத்தம் வெளியே கேட்டது. வெளியே ஷூக்கள் மழையில் நிரம்பிக்கொண்டிருந்தன.

“நீங்களும் வாங்க அங்கிள்!”

அவரால் நுழைய முடியாது. வார்டன் அம்மாவாலும் முடியாது. அன்றிலிருந்து அந்த அம்மா ஜன்னல் கம்பி வழியாகத்தான் பிள்ளைகளை அதட்டுகிறார், ஓட்டை வழியாகத்தான் சாப்பாடு தருகிறார்.

மறு ஞாயிறு பிரதர் மேடையில் அழுதார். “நம் வீட்டைக் காயப்படுத்திட்டாங்க. அந்தக் காயத்தை மூட யார் வருவீங்க?” இதுவரை இல்லாத கூட்டம் கைதூக்கியது. குழந்தைகளை எங்கே வைப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. காயத்தை மூடும்போது அவர்களை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பது மட்டும் யாருக்கோ ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை கசிவுக் கூடாரத்தில் முதல் ஆளாகச் செருப்புக் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார்.

“இப்பவாவது உறுத்துதா பிரதர்?”

“தூங்கவே முடியல சிஸ்டர். அவளுக்கு வாக்குக் குடுத்துட்டு அவ வாசலையே அடைச்சேன். வாசலைத் திறக்கப் போனா அதையும் சரியா செய்யத் தெரியல. எனக்காக ஜெபம் பண்ணுங்க.”

இவ்வளவு சுத்தமான கசிவைச் சிஸ்டர் தம் ஊழியத்தில் கண்டதே இல்லை. அவரை அப்படியே கூட்டத்தின் நடுவே ஓட்டையருகே நடத்திவந்து, தம் ஒரு கையை அவர் தலையிலும் மறு கையை ஓட்டையின் விளிம்பிலும் வைத்து, கண்ணை மூடி நெடுநேரம் ஜெபித்தார். பிரதரும் சேர்ந்துகொண்டார். எல்லோரும் ஆமென் சொன்னோம். பிரதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் கல்லை எடுத்தார்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. கடைசி வரிசையிலிருந்து என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

“பிரதர், ஜெபிச்சதை மாத்தலாமா?”

பிரதர் கல்லோடு நின்றார். சிஸ்டர் தம் கையைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கமிட்டி அங்கேயே நின்றபடி கூடி, ஓட்டையும் ஜெபிக்கப்பட்டதே, அதைத் தொடுவதற்கில்லை என்று ஏகமனதாக ஒப்புக்கொண்டது. என் வாழ்நாளில் நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். பின்வாசலில் இருக்கும் என் கல்லுக்கு அது ஈடாகாது, தெரியும்.

குழந்தைகள் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். மழைக்காலம் முழுவதும் விசிலுக்கு இளைப்பு வரவில்லை. வருகிறவர்கள் ஓட்டை முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதைக் கொஞ்சம் பெரிதாக்கலாமே என்று வார்டன் அம்மா கேட்டுப் பார்த்தார். ஜெபித்த ஓட்டையைப் பெரிதாக்கவும் விதியில் இடமில்லை.

செருப்புக் கடைக்காரர் வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறார். இப்போது அவர் யாருக்கும் கால் அளவு எடுப்பதில்லை. தோள் அளவு எடுக்கிறார். பிள்ளைகள் என்ன வேகத்தில் வளர்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

போன வாரம் விசில் ஓட்டை வழியாகச் சாப்பாட்டுத் தட்டை வாங்க எட்டியபோது, தோளில் செங்கல் சிராய்த்த கோடு தெரிந்தது. “இது என்ன?” என்றார்.

“ஒண்ணுமில்ல அங்கிள். வரும்போது லேசா இடிச்சது. கொஞ்சம் திரும்பி வந்தா வந்துடலாம்” என்றாள் அவரைச் சமாதானப்படுத்துவது போல.

இன்று சனிக்கிழமை. கசிவுக் கூடாரத்தில் வழக்கமான வரிசை. செருப்புக் கடைக்காரர் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். கையில் கொத்தனாருக்குத் திருப்பிக் கொடுக்காத சுத்தியல். நானும் பின்னால் போனேன். கசிவுச் சிஸ்டர் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார்.

“பிரதர், உள்ள வாங்க. இன்னைக்கு மனசை உறுத்தறது என்ன?”

“இன்னும் செய்யல சிஸ்டர்” என்றார் அவர். “செஞ்சிட்டு வந்து சொல்றேன்.”